பொங்கலுக்கு ஊருக்குப் போக எழும்பூரா, மாதவரமா, கிளாம்பாக்கமா? வடசென்னையிலிருந்து ஒரு மதிப்பீடு

திருவொற்றியூர் தேரடியிலிருந்து, தென்மாவட்டப் பேருந்துகள் கிளம்பும் கிளாம்பாக்கம் நிலையம் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். எண்ணூரிலிருந்து என்றால் இன்னும் கூடுதல். இரண்டு பெட்டி, ஒரு கட்டைப்பை, கைக்குழந்தை, முட்டி வலியோடு பாட்டி என்று ஒரு குடும்பம் கிளம்பினால், தாம்பரம் தாண்டுவதற்குள்ளேயே பாதித் தெம்பு போய்விடும். கால் டாக்சி வைத்தால் அங்கே போய்ச் சேர ஆகும் காசு, அங்கிருந்து திருச்சிக்குப் போகும் அரசுப் பேருந்துக் கட்டணத்தைப் பண்டிகை நேரத்தில் எளிதாகத் தாண்டும். அதனால் வண்டியின் சீட் அகலம், ஏசி, சாப்பாட்டுக்கு நிறுத்தும் ஓட்டல் எல்லாம் இங்கே இரண்டாம் பட்சம். எண்ணூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர், பெரம்பூர் வாசிகளுக்கு எந்தச் சேவை வீட்டு வாசலுக்கு அருகில் தொடங்குகிறது என்பதே முதல் கேள்வி.

அந்தக் கணக்கில் முதலிடம் ரயிலுக்குத்தான். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்ட பிறகு இதில் சந்தேகமே இல்லை. விம்கோ நகர், திருவொற்றியூர், தேரடி, காலடிப்பேட்டை, சுங்கச்சாவடி, புதுவண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, சர் தியாகராயா கல்லூரி என்று எங்கே ஏறினாலும் நீல வழித்தடம் நேரே சென்ட்ரலில் கொண்டுபோய் விடும். எழும்பூருக்கு சென்ட்ரல் மெட்ரோவில் பச்சை வழித்தடத்துக்கு மாறி அடுத்த நிலையத்தில் இறங்க வேண்டும். பெட்டியோடு மாறுபவர்கள் நகரும் படிக்கட்டை விட்டுவிட்டு லிஃப்ட்டைத் தேடிப் போவது நல்லது. பண்டிகைக் கூட்டத்தில் நகரும் படியில் பெட்டி சரிந்தால் பின்னால் நிற்கும் நான்கு பேர் விழுவார்கள். மாறுவதற்கும் நடைக்கும் சேர்த்து, மெட்ரோ ஏறும் நேரத்துக்கும் ரயில் புறப்படும் நேரத்துக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொண்டால் ஓட வேண்டியிருக்காது.

மெட்ரோ காலை 5 மணிக்குத்தான் தொடங்குகிறது. எழும்பூரிலிருந்து நாகர்கோவில் போகும் வந்தே பாரத் விடியற்காலை 5 மணிவாக்கில் கிளம்புகிறது. அதற்கு மெட்ரோவை நம்ப முடியாது. முதல் நாள் இரவே தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரிடம் சொல்லி வைக்க வேண்டும். செயலியில் விடிகாலை 3.30 மணிக்கு வண்டி தேடுவது பண்டிகை வாரத்தில் சூதாட்டம். போகியன்று இது இன்னும் மோசம். எரிக்கும் புகை பனியோடு சேர்ந்து வடசென்னைத் தெருக்களில் தரையோடு படிந்து நிற்கும். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்திலேயே ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் தாமதமாயின. அன்று விடியலில் கிளம்பியே ஆக வேண்டும் என்றால் அரை மணி நேரம் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்தைப் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வைத்திருங்கள்.

மேற்கே, அதாவது காட்பாடி, சேலம், ஈரோடு, கோவை போகிறவர்கள் இன்னொன்றைப் பார்க்கலாம். சென்ட்ரலிலிருந்து அந்தப் பக்கம் போகும் சில ரயில்கள் பெரம்பூரில் நிற்கும். வியாசர்பாடி, செம்பியம், கொளத்தூர், மாதவரம்காரர்கள் சென்ட்ரல் வரை போய்த் திரும்பி அதே பெரம்பூரைத் தாண்டுவதில் அர்த்தமில்லை. முன்பதிவு செய்யும்போதே உங்கள் ரயில் அங்கே நிற்கிறதா என்று அட்டவணையில் பார்த்து, ஏறும் நிலையத்தைப் பெரம்பூர் என்று கொடுத்துவிடுங்கள். ஏறுமிடத்தை சென்ட்ரல் என்று போட்டுவிட்டுச் சொல்லாமல் பெரம்பூரில் ஏறுவது ஆபத்து. சென்ட்ரலில் ஆள் வரவில்லை என்று பரிசோதகர் குறித்துவிட்டால் அந்த பெர்த், முழு பெர்த் கிடைக்காமல் ஆர்ஏசியில் உட்கார்ந்து வரும் பயணிக்குப் போய்விடும்.

முன்பதிவுக் கணக்கு இப்போது மாறிவிட்டது என்பது இன்னும் பலருக்குப் பழகவில்லை. 120 நாள் என்ற பழைய ஏற்பாடு 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைந்தது. பயண நாளைச் சேர்க்காமல் 60. ஜனவரி 13 கிளம்ப நவம்பர் 14 காலை 8 மணி. ஜனவரி 12 என்றால் நவம்பர் 13. ஜனவரி 18 திரும்ப நவம்பர் 19. பொங்கல் 14-ஆம் தேதி வந்தாலும் 15-ஆம் தேதி வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. திரும்பும் டிக்கெட்டில்தான் பலர் தவறுவது. நெல்லையிலோ கன்னியாகுமரியிலோ 17-ஆம் தேதி மாலை கிளம்பும் ரயில் திருச்சிக்கு நள்ளிரவு தாண்டி வரும். திருச்சியில் ஏறுபவருக்கு அது 18-ஆம் தேதி. ஆனால் முன்பதிவு நாள் எண்ணப்படுவது ரயில் புறப்படும் ஊரின் தேதியிலிருந்து. 18-ஐ வைத்து எண்ணிக்கொண்டு ஒரு நாள் தாமதமாக உட்கார்ந்தால் வெயிட்டிங் லிஸ்ட்தான். தட்கலுக்கும் இதே விதி.

காலை 8 மணிக்கு உட்காருமுன் செய்ய வேண்டியவை சில. ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பை முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும். 2025 ஜூலை முதல் ஆன்லைன் தட்கலுக்கும், அக்டோபர் முதல் பொது முன்பதிவு திறக்கும் ஆரம்ப நேரத்துக்கும் ஆதார் சரிபார்த்த கணக்கு கட்டாயம். பயணிகள் பெயர், வயதை மாஸ்டர் லிஸ்ட்டில் முதல் நாளே ஏற்றி வைத்துவிட்டால் தட்டச்சு செய்யும் இரண்டு நிமிடம் மிச்சம். ஒரு டிக்கெட்டில் அதிகபட்சம் 6 பேர், தட்கலில் 4 பேர். ஏழு பேர் கொண்ட குடும்பம் ஒரே கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு டிக்கெட் போட முயன்றால் இரண்டாவது வெயிட்டிங் லிஸ்ட்டில் விழும் வாய்ப்பு அதிகம். இரண்டு பேர், இரண்டு கணக்கு, இரண்டு கைபேசி, ஒரே நேரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பிரிக்கும்போது ஒவ்வொரு டிக்கெட்டிலும் வயதுவந்தவர் ஒருவர் இருக்கட்டும். 60 வயதான ஆணும் 45 வயதான பெண்ணும் லோயர் பெர்த் ஒதுக்கீட்டில் வருவார்கள். ஆனால் அந்த ஒதுக்கீட்டில் ஒரு டிக்கெட்டில் பெரியவர்கள் மட்டும், இரண்டு பேருக்கு மேல் இல்லாமல் இருக்க வேண்டும். மொத்தக் குடும்பத்தையும் ஒரே டிக்கெட்டில் போட்டுவிட்டுப் பாட்டிக்கு லோயர் வரவில்லையே என்று வருந்துவது இதனால்தான்.

ஆன்லைன் வேண்டாம் என்பவர்களுக்குப் பெரம்பூர், மூர் மார்க்கெட் கவுண்டர்கள் இருக்கின்றன. அங்கே ஒருவருக்கு ஒரு படிவம். போய்த் திரும்பும் பயணம் என்றால் இரண்டையும் வாங்கிக்கொள்வார்கள். கவுண்டர் டிக்கெட்டுக்கு ஒரு வித்தியாசம் உண்டு. ஆன்லைன் வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் சார்ட் போட்டதும் தானாக ரத்தாகிப் பணம் கணக்குக்குத் திரும்பிவிடும். கவுண்டர் டிக்கெட் தானாக ரத்தாகாது. நீங்கள்தான் ரத்து செய்து பணம் பெற வேண்டும். அதை வைத்துக்கொண்டு ஸ்லீப்பரிலோ ஏசியிலோ ஏறிவிடலாம் என்ற பழக்கத்தை ரயில்வே இப்போது அனுமதிப்பதில்லை. பொதுப் பெட்டிக்கு அனுப்பிவிடுவார்கள். பண்டிகை இரவில் பொதுப் பெட்டி எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

கடைசி நேரத்தில் வீட்டில் ஒருவர் வர முடியாமல் போனால் டிக்கெட்டை வீணாக்க வேண்டாம். கன்ஃபர்ம் ஆன டிக்கெட்டை அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, மகன், மகள், கணவன், மனைவி ஆகியோரில் ஒருவர் பெயருக்கு மாற்றலாம். ரயில் புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன் முன்பதிவு மையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். உறவைக் காட்டும் குடும்ப அட்டை நகல், இருவரின் அடையாள அட்டை, டிக்கெட் அச்சு ஆகியவற்றை எடுத்துப் போங்கள். மாமன், மச்சான், சித்தப்பாவுக்கெல்லாம் மாற்ற முடியாது.

இரவு ரயில் கிடைக்காதவர்கள் பகல் ரயிலை ஏளனமாகப் பார்க்கிறார்கள். அது தவறு. மதியம் எழும்பூரில் கிளம்பி இரவில் மதுரை சேரும் வைகை, மாலையில் கிளம்பி காரைக்குடி போகும் பல்லவன், காலையில் கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சி போகும் சோழன் ஆகிய மூன்றும் குழந்தைகளோடு போகும் குடும்பத்துக்கு இரவுப் பேருந்தைவிட ஆயிரம் மடங்கு மேல். வைகை 1977 ஆகஸ்ட் 15 முதல் ஓடுகிறது. மதுரைக்காரர்கள் அதை வீட்டு வண்டி போலவே பேசுவார்கள். பெர்த் இல்லை என்பதால் இரவு ரயிலுக்கு இருக்கும் அடிதடி இதற்குக் கொஞ்சம் குறைவு.

ரயில் கைவிட்டால் அடுத்து மாதவரம். மாதவரம் ரவுண்டானா பக்கம் இருக்கும் அந்த இரண்டு அடுக்குப் பேருந்து நிலையம் 2018 அக்டோபரில் திறந்தபோது ஆந்திரப் பக்கம் போகும் பேருந்துகளுக்காகவே கட்டியது. 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் திறந்து, தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டை விட்டுப் போன பிறகு, வடசென்னை மக்களின் குரலுக்கு ஒரு பதிலாக 2024 ஜனவரி இறுதியிலிருந்து திருச்சி, சேலம், கும்பகோணம், திருவண்ணாமலைப் பேருந்துகளில் ஒரு பங்கு இங்கிருந்தும் கிளம்புகிறது. இது பண்டிகைக்கு மட்டுமான ஏற்பாடு இல்லை. வருடம் முழுக்க ஓடும் வண்டிகள் இவை. அப்படியிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்து மூட்டை முடிச்சோடு கிளாம்பாக்கம் போய், அங்கே திருச்சி வண்டிக்கு வரிசையில் நிற்கும் குடும்பங்கள் இன்னும் ஏராளம்.

மாதவரத்தின் பெரிய பலம், வண்டி அங்கே தொடங்குவது. காலியான பேருந்தில் ஏறி, ஜன்னல் பார்த்து உட்கார்ந்து, பையை மேலே வைத்துவிட்டு மூச்சு விடலாம். வண்டி நகருக்குள் நுழையாமல் புழல் பக்கமாகப் புறவழிச்சாலை பிடித்துத் தெற்கே இறங்குவதால் கோயம்பேடு, கிண்டி நெரிசல் கிடையாது. பெருங்களத்தூர், கிளாம்பாக்கம் பக்கம் ஆட்கள் ஏறுவார்கள். அப்போது நடைபாதையில் பை இருந்தால் மிதிபடும். எல்லாவற்றையும் கிளம்பும்போதே ஒழுங்குபடுத்திவிடுங்கள்.

குறைகளும் உண்டு. வண்டிகளின் எண்ணிக்கை கிளாம்பாக்கத்தோடு ஒப்பிடக்கூடியது அல்ல. பகலில் கவலையில்லை; இரவு ஏற ஏற இடைவெளி நீளும். இரவு 9 மணிக்கு மேல் குடும்பத்தோடு போய் நின்றுகொண்டு சேலம் வண்டி எப்போது வரும் என்று தேடுவது சரிப்படாது. அடுத்த குறை, இங்கிருந்து போகும் பல வண்டிகள் கோட்டப் போக்குவரத்துக் கழகங்களின் ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு இருக்கை கொண்ட சாதாரண வண்டிகள். திருவண்ணாமலைவரை நான்கைந்து மணி நேரம் தாங்கலாம். திருச்சிவரை 330 கிலோமீட்டர் நிமிர்ந்தே உட்கார்ந்து போவது முதுகுவலிக்காரர்களுக்குக் கடினம். சாய்விருக்கை, படுக்கை கொண்ட அரசு விரைவுப் போக்குவரத்துக் கழக வண்டிகளுக்கு, அதாவது மதுரை, நெல்லை, நாகர்கோவில் போன்ற தூர ஊர்களுக்கு, கிளாம்பாக்கமே தொடக்கம்.

முன்பதிவு செய்கிறவர்கள் ஏறுமிடம் என்ற கட்டத்தைக் கண்ணை விரித்துப் பாருங்கள். அதே திருச்சி, அதே தேதி, ஆனால் ஏறுமிடம் கிளாம்பாக்கம் என்றிருக்கும் டிக்கெட்டோடு மாதவரத்தில் போய் நின்றால் பிரயோஜனமில்லை. இரண்டுக்கும் நடுவே புறவழிச்சாலையில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. முன்பதிவு இல்லாமல் போகிறவர்கள் நிலையத்துக்குள் நுழைந்ததும் டைம் கீப்பர் அறையில் அடுத்த மூன்று வண்டிகள் எப்போது என்று கேட்டுவிட்டு, பிறகு தண்ணீர் பாட்டிலுக்குப் போகலாம்.

மதுரை பக்கம் போகிறவர்களுக்கு மாதவரத்திலிருந்தே ஒரு வழி உண்டு. காலையில் திருச்சி வண்டி ஏறி, அங்கே மாறிக்கொள்வது. திருச்சியில் 2025 ஜூலை முதல் வெளியூர்ப் பேருந்துகள் பஞ்சப்பூர் ஒருங்கிணைந்த முனையத்துக்கு மாறிவிட்டன. பழைய நினைவில் மத்தியப் பேருந்து நிலையத்தில் இறங்கித் தேடாதீர்கள். பஞ்சப்பூரிலிருந்து மதுரைக்கு இரண்டரை மணி நேரம். நடத்துநர் சீட்டு கிழிக்கும் சாதாரண வண்டிகள் அடுத்தடுத்து இருக்கும். முன்பதிவே கிடைக்காத குடும்பத்துக்கு இது நடைமுறைக்கு ஒத்துவரும் வழி. காலை 6 மணிக்குள் மாதவரத்தை விட்டால் மாலைக்குள் மதுரையில் இருக்கலாம்.

திருவண்ணாமலை போகிறவர்கள் நாட்காட்டியில் பௌர்ணமியையும் பார்க்க வேண்டும். 2025-இல் போகியன்றே, ஜனவரி 13-இல், பௌர்ணமி வந்தது. அப்படிச் சேர்ந்து வந்தால் கிரிவலக் கூட்டமும் பண்டிகைக் கூட்டமும் ஒரே வண்டிக்கு மோதும். முந்தின நாள் காலையிலேயே கிளம்பிவிடுவது உத்தமம்.

மாதவரத்துக்குப் போகும் வழி பற்றியும் ஒரு வார்த்தை. பெரம்பூர், செம்பியம், மூலக்கடை நெடுகிலும் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணியால் சாலை குறுகிக் கிடக்கிறது. மூலக்கடைச் சந்திப்பில் மாலை நேரத்தில் ஆட்டோ நகராது. தண்டையார்பேட்டை, கொடுங்கையூர் பக்கமிருந்து வருகிறவர்கள் மாலை 4 மணிக்கு முன் அந்தச் சந்திப்பைத் தாண்டிவிடப் பாருங்கள். லக்கேஜ் குறைவாக இருந்தால் மாநகரப் பேருந்தே போதும். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வீட்டில் நான்கு பேர் போனால் அந்த மிச்சம் வழிச் செலவுக்கு ஆகும்.

ஆந்திரப் பக்கம் உறவு உள்ள வடசென்னைக் குடும்பங்கள் நிறைய. சங்கராந்திக்கு நெல்லூர், காளஹஸ்தி, திருப்பதி போக மாதவரம்தான் சொந்த நிலையம். ஊத்துக்கோட்டை வழி, பொன்னேரி வழி இரண்டும் இங்கிருந்தே. திருப்பதி மட்டும் கவனம்: வைகுண்ட ஏகாதசியும் அதே மார்கழி, தை ஒட்டி வருவதால் ஊருக்குப் போகிறவரும் தரிசனத்துக்குப் போகிறவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். சூளூர்ப்பேட்டை, நாயுடுபேட்டை பக்கம் போகிறவர்கள் திருவொற்றியூர், விம்கோ நகர், எண்ணூரிலேயே ஏறிக் கும்மிடிப்பூண்டி தாண்டிச் சூளூர்ப்பேட்டை வரை போகும் புறநகர் ரயிலைப் பிடிக்கலாம். அந்த வண்டிகள் நாளுக்குச் சிலதான். நேரம் பார்த்துக் கிளம்புங்கள். கும்மிடிப்பூண்டியோடு நிற்கும் வண்டியில் ஏறிவிட்டால் அங்கே காத்திருக்க வேண்டும்.

கிளாம்பாக்கம் தவிர்க்க முடியாதபோது

மதுரைக்குத் தெற்கே ரயில் டிக்கெட் இல்லாதவர்களுக்கு வேறு வழியில்லை. கிளாம்பாக்கம் மோசமான நிலையம் என்று சொல்வது நியாயமாகாது. இடம் விசாலம், கழிப்பறையும் உட்காரும் இடமும் கோயம்பேட்டில் இருந்ததைவிடப் பல மடங்கு மேல். நடைதான் அதிகம். மாநகரப் பேருந்து இறக்கும் இடத்திலிருந்து வெளியூர்ப் பேருந்து மேடைக்குப் பெட்டியை உருட்டிக்கொண்டு போக நேரம் பிடிக்கும். பெரியவர்களுக்கு பேட்டரி வண்டி உண்டு. பண்டிகையன்று அதற்கும் காத்திருப்பு உண்டு. குறை நிலையத்தில் இல்லை, வடசென்னையிலிருந்து அங்கே போகும் வழியில் இருக்கிறது.

போக நல்ல வழி, விம்கோ நகர் வழித்தட மெட்ரோவில் கடைசிவரை, விமான நிலையம்வரை உட்கார்ந்துவிடுவது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒருவருக்கு அதிகபட்சக் கட்டணம் 50 ரூபாய். அங்கிருந்து எதிரே திரிசூலம் ரயில் நிலையத்தில் செங்கல்பட்டு மார்க்கப் புறநகர் ரயில் பிடித்து வண்டலூரில் இறங்கலாம், அல்லது ஜிஎஸ்டி சாலையில் மாநகரப் பேருந்து ஏறலாம். மாலை 5 மணிக்கு மேல் பண்டிகை நாளில் ரயிலே மேல். சாலையில் தாம்பரம் தாண்டி பெருங்களத்தூர் வரை பேருந்து ஊர்ந்துதான் போகும். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைக்காரர்கள் மெட்ரோவுக்குப் பதில் கடற்கரை நிலையத்திலிருந்து நேரே செங்கல்பட்டு ரயில் ஏறலாம். கடற்கரையில் வண்டி தொடங்குவதால் உட்கார இடம் கிடைக்கும், வண்டலூரில் மட்டும் பெட்டியை இறக்கினால் போதும். மாறும் தொல்லையே இல்லாத வழி இது. எங்கள் கணிப்பில் குடும்பத்துக்கு இதுவே சிறந்தது. ராயபுரத்துக்காரர்களுக்கு ஒரு கூடுதல் பெருமை: 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது ராயபுரத்திலிருந்துதான்.

பண்டிகை நாட்களில் மாதவரம், கோயம்பேடு, கிளாம்பாக்கம் நடுவே இணைப்புப் பேருந்துகள் விடுகிறார்கள். மாதவரத்திலிருந்து அதில் ஏறுவது பகலில் சரி. மாலையில் ஏறினால் புறவழிச்சாலை முடிந்து ஜிஎஸ்டியில் சேரும் இடத்தில் நின்றுவிடும். இரவு 9 மணி வண்டிக்கு முன்பதிவு செய்தவர்கள் 5 மணிக்கே மாதவரம் விட வேண்டும்.

ஆம்னி பேருந்தில் போகிறவர்கள் பிக்கப் பாயிண்டைப் பார்த்து வாங்கினால் கிளாம்பாக்கம் போகவே வேண்டாம். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் புறவழிச்சாலையில் போரூர், சூரப்பட்டு சுங்கச்சாவடிகளில் பயணிகளை ஏற்றி இறக்க அனுமதித்தது. சூரப்பட்டு வடசென்னைக்கு வரப்பிரசாதம். புழல், ரெட்ஹில்ஸ், கொளத்தூர், மாதவரத்திலிருந்து பக்கம். ஆனால் அது நெடுஞ்சாலை ஓரம், நிலையம் இல்லை. வெளிச்சமும் உட்கார இடமும் குறைவு, குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். வண்டி எண், நடத்துநர் கைபேசி எண் வந்த குறுஞ்செய்தியைத் திறந்து வைத்திருங்கள். தாமதம் என்றால் இங்கேதான் முதலில் தெரியாமல் போகும்.

ஆம்னி கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு வைப்பதில்லை. ஒப்பந்த ஊர்தி என்ற கணக்கில் அவை ஓடுகின்றன. நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். வாங்குவதென்றால் திரும்பும் டிக்கெட்டை முதலில் வாங்குங்கள். போகும் நாள் மூன்று நான்காகப் பரவும். திரும்பும் நாள் மட்டும் காணும் பொங்கல் முடிந்த ஞாயிறு இரவு ஒன்றில் எல்லோரும் குவிவார்கள். அன்றைய விலைதான் எப்போதும் உச்சம். அரசு விரைவுப் பேருந்துக்கு ரயிலைவிட முன்னதாகவே, 90 நாளுக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். ரயில் கிடைக்குமா என்று பார்த்துவிட்டு வருவோம் என்று விட்டால் அதற்குள் லோயர் படுக்கைகள் போயிருக்கும்.

சொந்தக் காரில் போகிறவர்கள் நகருக்குள் நுழையவே கூடாது. மீஞ்சூரில் தொடங்கி வண்டலூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை இருக்கிறது. திருவொற்றியூர், எண்ணூர்காரர்கள் மணலி புதுநகர் வழியாக மீஞ்சூர் போய் அதைப் பிடிக்கலாம். மணலிப் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசை இருக்கும். விடிகாலை அல்லது நண்பகல் நேரம் தேவலை. வெளிவட்டச் சாலையில் வண்டலூர்வரை இறங்கினால் அதே ஜிஎஸ்டி நெரிசலில் போய்ச் சேர்வீர்கள். நசரத்பேட்டையிலேயே திரும்பி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சிங்கப்பெருமாள் கோயில் என்று போனால் பெருங்களத்தூர் முதல் மறைமலைநகர்வரை தப்பிக்கலாம். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று அடுத்தடுத்து சுங்கச்சாவடிகள். ஃபாஸ்டாக் கணக்கில் இருப்பு இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். இருப்பில்லாத ஒரு கார் வரிசையில் நின்றால் பின்னால் ஐம்பது கார் நிற்கும்.

லக்கேஜ்

ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஒருவருக்கு 40 கிலோ இலவசம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் உறவுக்கெல்லாம் துணி எடுத்து, வீட்டு அரிசி, பாத்திரம் என்று கட்டினாலும் அந்த அளவைத் தாண்டுவது அரிது. எடையைவிட எண்ணிக்கை முக்கியம். ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு தோள்பை. அதற்குமேல் கட்டைப்பை வேண்டாம். துணிக்கடைப் பைகளைத் தனித்தனியாகத் தூக்கினால் மெட்ரோ மாறும் இடத்தில் ஒன்று தவறும். துணியைப் பைகளிலிருந்து எடுத்து ஒரே பெட்டியில் அடுக்குங்கள். மாற்றிக்கொள்ளத் தேவைப்படும் என்பதால் பில்லை மட்டும் பத்திரப்படுத்துங்கள்.

வடசென்னையிலிருந்து ஊருக்குப் போகிறவரிடம் உறவுகள் முதலில் கேட்பது காசிமேட்டுக் கருவாடு. அதைக் கட்டத் தெரியாமல் கட்டினால் பெட்டி முழுக்கச் சண்டை வரும். நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள்; ஒடித்தால் முறிய வேண்டும், வளைந்தால் ஈரம் இருக்கிறது. வாங்கி வந்ததும் ஒரு வெயில் காட்டி, ஆறவிட்டு, செய்தித்தாளில் இரண்டு சுற்று, பிளாஸ்டிக் உறையில் காற்றை வெளியேற்றி ஒரு முடிச்சு, அதன்மேல் இறுக்கமாக மூடும் டப்பா. சூட்டோடு டப்பாவில் போட்டால் உள்ளே வியர்த்து, ஊர் போவதற்குள் பூஞ்சை பிடிக்கும். நெத்திலி, வாளை இரண்டும் இப்படிக் கட்டினால் வாசனை வெளியே வராது. பச்சை மீனை ஐஸில் போட்டு எடுத்துப் போவது இரவு ரயிலுக்கும் பேருந்துக்கும் வேண்டாம். ஐஸ் உருகிப் பக்கத்துப் பெட்டியை நனைக்கும்.

இதே வழிகளைத் தீபாவளிக்குப் பயன்படுத்துகிறவர்கள் பட்டாசை ரயிலில் ஏற்ற வேண்டாம். ரயில்வே சட்டம் 164-ஆம் பிரிவில் மூன்றாண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. எழும்பூரிலும் சென்ட்ரலிலும் அந்த வாரம் பைகளைத் திறந்து பார்ப்பார்கள்.

திரும்பி வரும் இரவு

ஊரிலிருந்து இரவுப் பேருந்தில் வந்தால் கிளாம்பாக்கத்தில் விடிகாலை 3 மணிக்கோ 4 மணிக்கோ இறக்கிவிடுவார்கள். வடசென்னைக்காரருக்கு அந்த நேரம்தான் செலவு. ஆட்டோக்காரர் கேட்கும் தொகையைக் கேட்டுத் திகைக்க வேண்டாம். உள்ளேயே உட்கார்ந்து, முதல் புறநகர் ரயில் நேரம் பார்த்து, வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ ஏறிக் கடற்கரை வந்துவிடலாம். டிக்கெட்டை ரயில்வேயின் ரயில்ஒன் செயலியில் எடுத்துவிட்டால் கவுண்டர் வரிசை இல்லை. நடைமேடைக்குள் போவதற்கு முன்பே எடுங்கள், உள்ளே நின்று எடுக்க முடியாது. திரும்பும் பேருந்து மாதவரம்வரை வருமா, கிளாம்பாக்கத்தோடு நிற்குமா என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேளுங்கள். திருச்சியிலும் கும்பகோணத்திலும் முன்கண்ணாடிப் பலகையில் மாதவரம் என்று எழுதிய வண்டிக்குக் கால் மணி நேரம் கூடுதலாகக் காத்திருப்பது, சென்னை வந்து இரண்டு மணி நேரம் அலைவதைவிட மேல். அந்த வண்டி விடியும்போது மூலக்கடைக்குப் பக்கத்தில் இறக்கிவிடும், அங்கிருந்து கொடுங்கையூருக்கோ வியாசர்பாடிக்கோ பகிர்வு ஆட்டோ போதும்.